ஊசிக்குக் கணக்கு உண்டு, பலனுக்கு? செங்கல்பட்டு பரிசோதனையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டுக்கும் தாண்டிக்குடிக்கும் நடுவே உள்ள ஒரு ஊரில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். காப்பி, மிளகு, மலைவாழை விளைகிற ஊர். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் அக்கா மகளுக்கு மணல்வாரி போட்டிருக்கிறது என்று தகவல் வந்து, வத்தலக்குண்டில் பஸ் ஏறிப் போனேன். வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அந்தத் தெருவில் மட்டும் ஏழெட்டு வீடுகளில் அதே வேப்பிலை.

அக்காவின் மாமியார் என்னைப் பார்த்ததும் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "பாருங்க தம்பி, ஒம்பதாம் மாசத்துக்கு நேரா சீல் குத்தியிருக்கு. கொட்டுற மழைக்குள்ள தூக்கிட்டுப் போயிப் போட்டுட்டு வந்தோம். போட்ட பிள்ளைக்கும் வந்துருச்சு, போடாத பிள்ளைக்கும் வந்துருச்சு. பிறகு எதுக்கு அந்தப் பச்ச மண்ணை அழ விட்டோம்?" குழந்தைக்கு அப்போது ஒன்றேகால் வயது.

மறுநாள் கிராம சுகாதார செவிலியர் வந்தார். தோளில் ஐஸ் பெட்டி, கையில் தடிமனான பதிவேடு. மாமியார் என்னிடம் கேட்டதை நான் அவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் தேதி. "போட்டதுக்கு இந்தா கணக்கு இருக்கு சார். மாசக் கடைசியில இலக்கு எத்தனை, முடிச்சது எத்தனைன்னு மேல அனுப்பணும். போட்டது பலிச்சுச்சான்னு எழுத இதுல கட்டமே இல்லையே" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த இல்லாத கட்டத்தைப் பற்றியது.

நான் கிளம்பும்போது அக்கா பஸ் நிற்கிற இடம் வரை வந்தாள். மறுபடி ஐந்து மாதம் அவளுக்கு. "ஏண்டா, இவ்வளவு படிச்சிருக்கியே, அத்தை இனிமே எந்த ஊசியும் வேண்டாங்கிறாங்க. இந்தப் பிள்ளைக்குப் போடவா வேண்டாமா, நீயே சொல்லு." "போடுக்கா" என்றேன். எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நான் எம்.ஏ. தமிழ். அரசு உடல்களை எப்படி ஆள்கிறது என்று ஃபூக்கோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதற்குள் இரண்டு மூன்று கட்டுரைகள் எழுதியிருந்தேன். அக்காவின் கேள்விக்கு அவற்றில் ஒரு வரிகூட உதவவில்லை.

2

மாமியாரின் கேள்வியை அதற்குரிய மரியாதையோடு எடுத்துக்கொள்வோம். மூடநம்பிக்கை என்று அதைத் தள்ள முடியாது. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு தவணை போடப்படும் தட்டம்மை ஊசி நூற்றுக்கு ஏறக்குறைய 85 குழந்தைகளுக்குத்தான் பலிக்கிறது என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு. தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் மிச்சமிருந்து ஊசியின் வேலையைக் கெடுத்துவிடுவது இதற்கு ஒரு காரணம். இப்போது ஒரு ஊரில் 100 குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். 90 பேருக்கு ஊசி போட்டாயிற்று, 10 பேருக்கு இல்லை. எல்லோரையும் நோய் எட்டுகிறது. போடாத 10 பேருக்கும் வரும். போட்ட 90 பேரில் பதின்மூன்று, பதினான்கு பேருக்கு வரும். ஆக, படுத்திருக்கும் குழந்தைகளை எண்ணினால் ஊசி போட்டவர்களே அதிகம்! "போட்டவங்களுக்குத்தான் நிறைய வந்துச்சு" என்று ஊரில் பேச்சு கிளம்பும். அது பொய்யும் இல்லை. ஆனால் தப்பித்த எழுபத்தாறு பேர் தெருவில் விளையாடிக்கொண்டிருப்பார்கள். விளையாடுகிற குழந்தையை யாரும் எண்ணுவதில்லை. யாராவது உட்கார்ந்து எண்ணினால்தான் ஊசி செய்த வேலை தெரியும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. தடுப்பூசி மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மரம் விழுந்தால் இரண்டு நாள் கரண்ட் இல்லாத மலை, ஒரு வளைவில் மண் சரிந்தால் நிற்கிற பஸ், இவற்றையெல்லாம் தாண்டி மருந்து வருகிறது. குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் ஒட்டியிருப்பார்கள். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது கண்காணிப்பது குப்பியை. குழந்தையின் ரத்தத்தில் என்ன நடந்தது என்று சொல்ல அந்தச் சதுரத்துக்குத் தெரியாது.

ஊசி பலிக்காமல் போனதற்குக் குழந்தையின் உடம்பு காரணமா, கெட்டுப்போன மருந்து காரணமா? குழந்தையைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலாவது என்றால் இரண்டாம் தவணை போட வேண்டும். இரண்டாவது என்றால் குளிர்பெட்டியைச் சரிசெய்ய வேண்டும். ரத்தம் எடுத்து, போட்டவர் போடாதவர் என்று பிரித்து, வருஷக்கணக்கில் எண்ணினால்தான் விடை கிடைக்கும். எண்ணுவதற்குப் பணம் வேண்டும், சம்பளம் வாங்குகிற ஆட்கள் வேண்டும். இந்தியா 2010 முதல் தட்டம்மைக்கு இரண்டாம் தவணையைச் சேர்க்கத் தொடங்கியது. அப்படி எங்கோ யாரோ எண்ணி வைத்த கணக்கின் பயன் அது.

3

அரசுக்கு நீண்டகாலக் கண்காணிப்பு தெரியாது என்று சொல்லிவிட முடியாது. இதே கொடைக்கானலில் அதற்கு ஒரு சாட்சி நிற்கிறது. 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபின், மழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி காலனிய அரசுக்கு எழுந்தது. அந்தக் கேள்வியின் தொடர்ச்சியாக 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1901இல் வேலை தொடங்கியது. வானம் திறந்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்து வைத்தார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதை எவர்ஷெட் இங்கேதான் 1909இல் கண்டார். வெள்ளைக்காரன் போனான், அமைச்சரவைகள் மாறின, கண்ணாடித் தகடு போய்க் கணினி வந்தது. பதிவு நூறு வருஷத்துக்கும் மேல் நீண்டுவிட்டது. இன்று உலகத்துச் சூரிய ஆய்வாளர்கள் அந்தப் படங்களைத் தேடி வருகிறார்கள்.

எந்த வருஷத்திலும் உடனடி லாபம் தராத ஒரு பதிவேட்டுக்கு அரசு ஒரு நூற்றாண்டு சம்பளம் கொடுத்திருக்கிறது. கொடுத்தது சரிதான். ஆய்வுக்கூடம் நிற்கும் அதே மலையில் ஐஸ் பெட்டி சுமந்து நடக்கிற செவிலியரின் பதிவேட்டில் ஒரே ஒரு கட்டம் சேர்க்க மட்டும் ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

4

தமிழில் நோய்க்கும் தாய்க்கும் ஒரே சொல். அம்மை வார்க்கிறாள், அம்மை இறங்குகிறாள். இந்தச் சொல்லோடு மோதித்தான் தடுப்பூசி நம் மொழிக்குள் வந்தது. 1802இல் பசு அம்மைப்பால் பம்பாய்க்கு வந்து, விரைவிலேயே சென்னை மாகாணத்துக்கும் பரவியது. மக்கள் தயங்கினார்கள். திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்ற கருத்தை 1816இல் முன்வைத்த எல்லிஸ் துரையை நாம் இலக்கண வரலாற்றில் மட்டும் வைத்துப் படிக்கிறோம். அம்மை குத்துதலை மக்கள் ஏற்கச் செய்வதற்காக அவர் தமிழில் ஒரு சிறு பிரதியும் எழுதினார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல் அமைந்தது அது. பசுவிடமிருந்து கிடைக்கும் இந்த மருந்து தெய்வ சம்மதம் பெற்றது என்று சொல்லுகிறது.

தடுப்பூசி பற்றி அதிகாரம் தமிழனோடு பேசிய தொடக்ககாலப் பிரதிகளில் இது ஒன்று. அதன் சொல்லாடலைக் கவனியுங்கள். மருந்து எத்தனை பேருக்குப் பலித்தது என்ற பேச்சே அதில் இல்லை. நம்பு என்கிறது. சக்தி இருந்த இடத்தில் பின்னால் நடிகர்கள் வந்தார்கள், சுவரொட்டி வந்தது, ரேடியோ விளம்பரம் வந்தது. வடிவம் மாறவில்லை. நம்பச் செய்வதற்கு இருநூறு வருஷமாகச் செலவு செய்கிறார்கள்.

பெரியம்மையை ஒழித்தது ஊசிதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் எப்படி ஒழிந்தது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. 1962இல் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கில் ஊசி போட்டதாகக் கணக்குகள் குவிந்தன. நோய் போகவில்லை. 1973க்குப் பிறகு வீடு வீடாக நோயாளியைத் தேடி, அவரைச் சுற்றியிருப்போருக்கு மட்டும் உடனே ஊசி போடும் முறையைத் தீவிரப்படுத்தினார்கள். இரண்டே வருஷம். 1975இல் இந்தியாவின் கடைசி உள்நாட்டு நோயாளி. போட்ட ஊசியை எண்ணியது தோற்ற இடத்தில் நோயைக் கண்காணித்தது ஜெயித்தது.

அந்த இல்லாத கட்டம் ஒரு காலத்தில் சென்னையில் இருந்தது. தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ.ஆர். ராவ் ஏறக்குறைய 7000 பெரியம்மை நோயாளிகளை, முன்பு அம்மை குத்தியவரா இல்லையா என்று பிரித்துப் பதிந்து வைத்தார். குத்தாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் செத்தார்கள். குத்தியவர்களில் நூற்றுக்கு ஆறேழு பேர். குத்தியும் நோய் வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. மறைக்காததால்தான் குத்தியதன் பலன் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. 1972இல் வந்த அவருடைய புத்தகத்தை உலகத்துப் பெரியம்மை ஆய்வாளர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். எம்.ஏ. வகுப்பில் மாரியம்மன் தாலாட்டு பற்றிப் பேசிய எங்களுக்கு யாரும் இவர் பெயரைச் சொன்னதில்லை.

5

இனி பி.சி.ஜி.க்கு வருவோம். என் தலைமுறையில் ஏறக்குறைய எல்லோருடைய இடது தோளிலும் உள்ள அந்தத் தழும்பு, காசநோய்க்கான ஊசி. சுதந்திரம் வந்த கையோடு 1948இல் மதனப்பள்ளியில் அது தொடங்கியது. அதே வருஷம் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் வந்தது. 1951இலிருந்து நாடு தழுவிய இயக்கமாயிற்று.

1955இல் ராஜாஜி இதை எதிர்த்து ஒரு சிறு நூலே எழுதினார். ராஜாஜி என்றதும் நமக்கு 1953இன் குலக்கல்வித் திட்டம் நினைவுக்கு வரும். அந்த மனிதர் ஒன்றை எதிர்த்தால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டுவது நம் முகாமின் பழக்கம். அவர் சொன்ன பலவற்றை இன்று மருத்துவம் தெரிந்தவர்கள் ஏற்கமாட்டார்கள். ஆனாலும் நியாயமான ஒரு கேள்வி அந்த விவாதத்தின் அடியில் கிடந்தது. இத்தனை லட்சம் குழந்தைகளுக்குப் போடுகிறீர்களே, இது இந்த மண்ணில் பலிக்கிறது என்று நிரூபித்துவிட்டீர்களா? கேட்டவர் யார் என்று பார்த்துக் கேள்வியைத் தூக்கியெறிந்தார்கள். கேள்வி சாகவில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து அரசே அந்தக் கேள்வியைக் கேட்டது. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரையும் சுற்றுப்புற ஊராட்சிகளையும் எடுத்துக்கொண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொது சுகாதாரச் சேவையும் சேர்ந்து ஒரு பரிசோதனையைத் தொடங்கின. பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி., மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. இப்படி 15 வருஷம். ஒரு தடுப்பூசி பலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு காலம் பணம் செலவிட்டது உலகத்திலேயே அபூர்வம்.

முதல் முடிவு 1979இல் வந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை! 15 வருஷக் கணக்கு 1999இல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு ஒன்றுமில்லை. குழந்தைகளாக இருந்தபோது போட்டுக்கொண்டவர்களுக்கு மொத்தத்தில் 27 விழுக்காடு. அதுவும் புள்ளியியல் நிச்சயம் இல்லாத 27.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இதே மருந்துவகை 1950களில் பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பலித்தது. அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? நம் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும், காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிகள் சின்ன வயசிலேயே நம் உடம்பில் தொற்றி, ஊசி செய்ய வேண்டிய வேலையை மறைத்துவிடுகின்றன என்பது ஒரு வலுவான விளக்கம். விளக்கம் எதுவாயினும் பாடம் ஒன்றுதான். ஊசியின் பலன் குப்பிக்குள் மட்டும் இல்லை. அது மண்ணிலும் சோற்றிலும் தண்ணீரிலும் குழந்தையின் வயதிலும் இருக்கிறது. லண்டனில் கிடைத்த எண்ணைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவர முடியாது என்றால், செங்கல்பட்டில் கிடைத்ததைத் தாண்டிக்குடிக்குத் தூக்கி வருவதற்கு முன்னாலும் யோசிக்க வேண்டும்.

முடிவு வந்தபின் என்ன நடந்தது? இந்தியா 1978இல்தான் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்தை ஆரம்பித்திருந்தது. பி.சி.ஜி. அதில் தொடர்ந்தது. தொடர்ந்ததற்கு நியாயமும் உண்டு. கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் காசநோயையும் பி.சி.ஜி. கணிசமாகத் தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. செங்கல்பட்டு பரிசோதனை சோதித்தது அதையல்ல. ஆகவே பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுவது சரியான முடிவு. இதைத் திரித்து யாரும் என்னை ஊசி எதிர்ப்பாளன் ஆக்கிவிட வேண்டாம்.

என் ஆத்திரம் வேறு. அந்த 2,81,161 பேர் யார்? நெல்லும் கடலையும் விளைவித்தவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள், சேரிகளிலும் ஊர்களிலும் இருந்தவர்கள். உலகத்துக்கே ஒரு உண்மையைத் தங்கள் உடம்பால் எழுதிக்கொடுத்தார்கள். அமெரிக்கா தன் குழந்தைகளுக்குப் பொதுத் திட்டமாகப் போடாத ஒரு ஊசியைப் பற்றிய உண்மை அது. உலக மருத்துவப் பாடநூல்கள் இன்றும் செங்கல்பட்டின் பெயரைச் சொல்லுகின்றன. தமிழில் நான் வாசித்த வரலாற்றுப் புத்தகங்களில், இடதுசாரி, திராவிட, தலித்தியப் பிரதிகள் எதிலும், அதைப் பற்றி ஒரு வரி கண்டதில்லை. வட்டார வரலாறு, அடித்தள மக்கள் வரலாறு என்று இவ்வளவு பேசுகிற நாம், நம் மக்கள் உலக அறிவுக்குக் கொடுத்த மிகப்பெரிய பங்களிப்புகளில் ஒன்றை ஆங்கில ஆய்விதழ்களில் புதைந்து கிடக்க விட்டுவிட்டோம்.

6

கேள்வி கேட்டால் திட்டம் கெட்டுவிடும் என்று அதிகாரிகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குப் பதில் வேலூரில் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களில் போலியோ சொட்டு மருந்து வாங்கிய குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார். பணக்கார நாடுகளில் மூன்று தவணைக்கு ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் பலித்த மருந்து, இங்கே சில போலியோ வகைகளுக்கு மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்கு மட்டுமே பலித்தது. இதைச் சொன்னதால் மருந்து ஒழிந்துவிடவில்லை. அப்படியானால் தவணையைக் கூட்டு, எல்லோருக்கும் ஒரே நாளில் கொடு என்ற யோசனை அதிலிருந்துதான் வலுப்பெற்றது. வேலூரில் செய்து பார்த்தது பின்பு 1995இல் நாடு முழுக்க வந்த போலியோ முகாம்களுக்கு முன்னோடி. 2011க்குப் பிறகு இந்தியாவில் காட்டுவகைப் போலியோ இல்லை. பலிக்கவில்லை என்று தைரியமாக எண்ணிய எண் கடைசியில் ஊசியின் பக்கம்தான் நின்றது.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. நாற்பது வருஷத்துக்கு முன் பி.சி.ஜி. பரிசோதனை நடந்த அதே நிலப்பகுதி என்பதைக் கவனியுங்கள். அதன்பின் தமிழ்நாட்டில் கிராமத்துக்கே வந்து போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். சமவெளியில் அது இரண்டு கிலோமீட்டர். மலையில் ஒரு நாள் கூலி. அக்காவின் மாமியார் சொன்ன மழை இந்த ஏற்பாட்டில் நனைந்த மழைதான். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06இல் 80.9 விழுக்காடு. 2015-16இல் 69.7. இந்தச் சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம், இந்த மாற்றமும் அதில் ஒன்று என்பது என் கணிப்பு. 2019-21இல் மறுபடி 89.2க்கு ஏறியது. மகிழ்ச்சி. ஆனால் இந்த மூன்று எண்ணும் அட்டையைப் பார்த்தும் அம்மாவைக் கேட்டும் எழுதியவை. ஊசி ஏறியதைச் சொல்லும். பலித்ததைச் சொல்லாது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா முகாம் வந்தபோது வாட்ஸப்பில் வதந்தி பறந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பாமல் நிறுத்திவைத்தவர்களை எனக்குத் தெரியும். அரசு சொன்ன பதில்: வதந்திகளை நம்பாதீர்கள். மறுபடியும் எல்லிஸ் துரை. வதந்தியை எதிர்த்து நிற்க அந்தந்த வட்டாரத்துக் கணக்கு கையில் இருந்திருந்தால் செவிலியர் அதைச் சொல்லியிருப்பார். அவரிடம் இருந்தது வேண்டுகோள் மட்டும்தான்.

நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்னையில் தேசிய நோய்ப்பரவல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. சில மாவட்டங்களில் சில வருஷங்களில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். புதிதாக ஒரு ஊசி வரும்போது அதன் பலனைப் பார்க்க நிதி வருகிறது. பிறகு நிதி தீர்ந்ததும் ஆட்கள் கலைகிறார்கள். சூரியனுக்குக் கிடைத்த தொடர்ச்சி குழந்தைக்குக் கிடைக்கவில்லை. பணமில்லை என்று சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை மாவட்டவாரியாகப் பல சுற்று ரத்த ஆய்வு நடத்தியது. எத்தனை பேர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. நகரமும் பணக்காரனும் பயந்தபோது முடிந்தது. மணல்வாரிக்கு யார் பயப்படுகிறார்கள்?

7

கடைசியாக நமக்குள்ளே ஒரு வார்த்தை. நம் சிறுபத்திரிகை உலகம் முப்பது நாற்பது வருஷமாக ஒரு வாசிப்பைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அரசு எண்ணுகிறது, பதிகிறது, உடல்களைக் கட்டுப்படுத்துகிறது, அறிவே அதிகாரம் என்பது அந்த வாசிப்பு. அது தவறில்லை. செவிலியரின் பதிவேட்டில் இலக்கு, சாதனை என்ற கட்டங்கள் யாருக்காக வரையப்பட்டவை என்று அது நமக்குக் காட்டியது. ஆனால் அங்கேயே நின்றுவிட்டோம். அரசு எதை எண்ணாமல் விடுகிறது என்று நாம் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள முடிகிற ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடிவு செய்வதும் ஓர் அதிகார உத்திதான். அந்த அறியாமையின் விலையை வேப்பிலை செருகிய வீடுகள் கொடுக்கின்றன.

அறிவியல் ஒரு மேற்கத்தியச் சொல்லாடல் என்று சொல்லி முடித்துக்கொள்கிற நண்பர்களுக்கு: பிரிட்டன் எண் நமக்குப் பொருந்தாது என்று கண்டுபிடித்தது தத்துவம் அல்ல, திருவள்ளூர் பக்கம் 15 வருஷம் சளி வாங்கிச் சோதித்த வேலை. வட்டாரத்தன்மையை நிரூபித்ததே அறிவியல்தான். நாம் கேட்க வேண்டியது கூடுதல் அறிவியல், அதுவும் நம் மண்ணில், நம் பணத்தில், நம் மொழியில் விடை சொல்லுகிற அறிவியல்.

2024இல் பல மாநிலங்களில் வயதுவந்தோருக்கு பி.சி.ஜி. போட்டு, போட்ட மாவட்டங்களையும் போடாத மாவட்டங்களையும் ஒப்பிடும் ஓர் ஆய்வை ஒன்றிய அரசு தொடங்கியது. செங்கல்பட்டு ஏற்கெனவே சொன்ன பதிலுக்குப் பிறகும் ஏன் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று அரசு சொல்வதையும் நான் வரவேற்கிறேன். எத்தனை வருஷம் பார்ப்பார்கள், பார்த்ததைத் தமிழில் யாரிடம் சொல்வார்கள் என்பதை மட்டும் நாம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோரிக்கை என்று எழுதினால் இவ்வளவுதான்: ஒவ்வொரு மாவட்டத்திலும் சில ஊர்களில், மலையூர்களையும் சேர்த்து, வருஷாவருஷம் நடக்கும் ரத்த ஆய்வு. தடுப்பூசிக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கென்று தனியாக, தொட முடியாத ஒரு பங்கு. முடிவு ஊராட்சி மன்றத்தில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும்.

அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று. மாமியாருக்குத் தெரியாமல் கொண்டுபோய்த்தான் முதல் ஊசி போட்டாள். போன மாசிப் பச்சையில் போயிருந்தபோது அந்த அம்மாளிடம் நூறு குழந்தைக் கணக்கைத் திண்ணையில் மிளகுமணியை வைத்துப் போட்டுக் காட்டினேன். படுத்தவர்களை ஒரு பக்கமும் தப்பித்தவர்களை ஒரு பக்கமும் பிரித்தேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது சரி தம்பி. ஆனா இது எந்த ஊருக் கணக்கு?" என்றார்.

உலகக் கணக்கு என்றேன். நம்ம ஊருக்கு யாரும் போடவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். மணிகளை அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.